ஐரோப்பியப் பெரு நிறுவனங்களின் பசுமை இலக்குகள்: படித்துச் சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டென்மார்க்கின் கப்பல் நிறுவனம் மெர்ஸ்க், 2040-க்குள் நிகர பூஜ்யம் என்கிறது. அதாவது பூமியைச் சூடாக்கும் வாயு உமிழ்வைக் குறைத்து, மிச்சத்தைக் காற்றிலிருந்து நீக்கிச் சரிக்கட்டுவது. அதே நாட்டின் காற்றாலை நிறுவனம் ஓர்ஸ்டெட்டும் 2040 என்கிறது. இத்தாலியின் மின் நிறுவனம் எனெல், ஸ்வீடனின் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனம் எரிக்சன் இரண்டுக்கும் அதே ஆண்டுதான். ஆண்டு ஒன்று என்பதால் வாக்குறுதியும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் முதல் வரியிலேயே சறுக்கிவிடுவோம். மெர்ஸ்க்குக்கு அது தன் கப்பல்களின் புகைபோக்கியைப் பற்றிய பேச்சு. எரிக்சனுக்கோ, தான் விற்ற கருவிகள் வேறொருவரின் டவரில் இரவும் பகலும் இழுக்கும் மின்சாரத்தைப் பற்றிய பேச்சு.

இந்த அறிக்கைகளுக்காகத் தரவு திரட்டும் ஐடி ஊழியர்கள், ஐரோப்பியக் கம்பெனிக்கு உதிரிபாகம் அனுப்பும் தொழிற்சாலைக்காரர்கள், பங்கோ கடன் பத்திரமோ வாங்குபவர்கள், மாணவர்கள் என யாரானாலும் பசுமை இலக்கு ஒன்றை எப்படிச் சோதிப்பது என்பதுதான் இங்கே விஷயம். நான் எந்த இலக்கைப் பார்த்தாலும் கேட்கும் கேள்வி ஒன்றே: இது தவறினால் யாருக்கு என்ன நஷ்டம்? மற்றக் கேள்விகள் எல்லாம் இதற்கு வழிவிடுபவை.

படி 1: சரியான ஆவணத்தைத் திறங்கள்

நிறுவனத்தின் இணையதளத்தில் பச்சைப் பின்னணியில் இருக்கும் பக்கத்தை மூடிவிடுங்கள். வேண்டியது ஆண்டறிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலைத்தன்மை அறிக்கைச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பெரிய பட்டியலிட்ட நிறுவனங்கள் 2024 நிதியாண்டுக்கான அறிக்கையை 2025-இல் வெளியிட்டன. ஜெர்மனி உரிய நேரத்தில் உள்நாட்டுச் சட்டம் இயற்றவில்லை. ஆனாலும் பல ஜெர்மன் நிறுவனங்கள் அதே வடிவத்தில் தாமாகவே வெளியிட்டன.

அறிக்கை சில நூறு பக்கம் இருக்கும். முழுக்கப் படிக்க வேண்டாம். பிடிஎஃப்பில் தேடல் பெட்டியைத் திறந்து ஈ1-4 (ஆங்கிலத்தில் E1-4) என்று தேடினால் காலநிலை இலக்குகள் கிடைக்கும். ஈ1-6 என்றால் மொத்த உமிழ்வுக் கணக்கு. ஈ1-7 என்றால் வாங்கிய கார்பன் கிரெடிட்டுகளும் (வேறு இடத்தில் குறைத்த உமிழ்வைத் தன் கணக்கில் காட்ட வாங்கும் சான்றுகள்), காற்றிலிருந்து நீக்கியதாகச் சொல்லும் அளவும். இந்த மூன்று இடங்களும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஈ1-6 அட்டவணையில் இருப்பது கிரெடிட் எதையும் கழிக்காத மொத்த எண். கிரெடிட்டுகளைத் தனியாகத்தான் காட்ட வேண்டும் என்பது விதி. இந்தப் பிரிப்பு வந்தபிறகு சில பளபளப்பான எண்கள் மங்கிப் போனது உண்மை.

படி 2: இலக்கை ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள்

அடிப்படை ஆண்டு எது, இலக்கு ஆண்டு எது, எத்தனை சதவீதம், எந்த உமிழ்வு, மொத்த அளவிலா அல்லது ஓர் அலகுக்கா? இந்த ஐந்தில் ஒன்று காணவில்லை என்றாலும் அது இலக்கு அல்ல, விருப்பம்.

மெர்ஸ்க்கை எழுதிப் பார்க்கலாம். "2022-ஐ அடிப்படையாகக் கொண்டு, 2030-க்குள், சொந்தக் கப்பல்கள் உள்ளிட்ட நேரடி உமிழ்வில் 35% மொத்தக் குறைப்பு, பிறர் வழியாக வரும் மறைமுக உமிழ்வில் 22% மொத்தக் குறைப்பு." ஐந்து இடங்களும் நிரம்பிவிட்டன. ஆனால் இதே நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் முன்வைத்த 2030 இலக்கு வேறு மாதிரி: 2020-ஐ ஒப்பிட்டு, ஏற்றிச் செல்லும் ஒரு கன்டெய்னருக்கான உமிழ்வில் 50% குறைப்பு. கேட்க 50 பெரிது, 35 சிறிது. உண்மையில் எது கடினம் என்பதை நான்காம் படியில் பார்ப்போம்.

படி 3: புகை எங்கே வருகிறது என்று பாருங்கள்

உமிழ்வுக் கணக்குக்கு உலகம் முழுக்கப் பயன்படும் விதிமுறை, நிறுவனத்தின் உமிழ்வை மூன்று ஸ்கோப்புகளாகப் பிரிக்கிறது. ஸ்கோப் 1 என்பது நிறுவனம் தானே எரிப்பது. ஸ்கோப் 2 என்பது வாங்கும் மின்சாரமும் வெப்பமும். ஸ்கோப் 3 என்பது மற்றதெல்லாம். வாங்கும் பொருளில் தொடங்கி, ஊழியர் பயணம், விற்ற பொருளின் பயன்பாடு வரை அதில் 15 வகைகள் உண்டு.

கப்பல், விமான நிறுவனங்களுக்கு ஸ்கோப் 1 பெரியது. நிலக்கரி எரிக்கும் மின் நிறுவனத்துக்கும் அப்படியே. எண்ணெய் நிறுவனத்துக்கு ஸ்கோப் 3-இன் 11-ஆம் வகை, அதாவது விற்ற பொருளின் பயன்பாடு: நாம் டேங்கில் ஊற்றி எரிக்கும் பெட்ரோல். ஓர் எண்ணெய் நிறுவனம் "எங்கள் செயல்பாடுகளில் நிகர பூஜ்யம்" என்று சொன்னால், எண்ணெயைத் தோண்டும், சுத்திகரிக்கும் வேலையில் வரும் உமிழ்வைப் பற்றி மட்டும் பேசுகிறது என்று பொருள். விற்கும் எண்ணெய் கணக்கில் வராது.

தொழில்நுட்ப நிறுவனங்களில்தான் கணக்கு சுவாரசியமாகிறது. சீமென்ஸ் 2015-இலேயே, 2030-க்குள் சொந்தச் செயல்பாடுகளில் கார்பன் சமநிலை என்று அறிவித்தது. அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான அறிவிப்புதான். ஆனால் சீமென்ஸ் போன்ற ஒரு நிறுவனத்தின் அலுவலகமும் தொழிற்சாலையும் மொத்தத்தில் சிறு துண்டு. விற்ற இயந்திரங்கள் ஓடும்போது வருவதே பெரும் பகுதி.

இங்கே ஒரு கணக்கு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 11-ஆம் வகையில், ஒரு பொருள் தன் ஆயுள் முழுக்க இழுக்கப்போகும் மின்சாரத்தின் உமிழ்வு முழுவதையும் அதை விற்ற ஆண்டிலேயே எழுதிவிட வேண்டும். எரிக்சன் இந்த ஆண்டு விற்கும் ஒரு ரேடியோ கருவி பத்தாண்டு ஓடும் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பத்தாண்டு உமிழ்வும் இந்த ஆண்டுக் கணக்கில் ஏறும். இதனால் மூன்று விளைவுகள். விற்பனை படுத்தால் உமிழ்வும் படுக்கும். அது சாதனை அல்ல. பொருளின் ஆயுளை எட்டாண்டு என்று மாற்றி மதிப்பிட்டால் உமிழ்வு ஒரே இரவில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். வாங்கும் நாடுகளின் மின்கட்டமைப்பு சுத்தமாகும் என்று அனுமானித்தாலும் குறையும். எனவே 11-ஆம் வகை எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அனுமானங்களைப் படிக்காமல் நகராதீர்கள். இவற்றில் எதுவும் தில்லுமுல்லு அல்ல, விதிக்கு உட்பட்டவைதான். அதனால்தான் கூடுதல் கவனம் தேவை.

படி 4: மொத்தமா, சராசரியா?

மெர்ஸ்க்கின் இரண்டு இலக்குகளுக்குத் திரும்புவோம். ஒரு கப்பல் நிறுவனம் கன்டெய்னருக்கான உமிழ்வைப் பாதியாக்குகிறது, அதே காலத்தில் சரக்கு 60% கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.5-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 0.8. அதாவது மொத்தத்தில் குறைந்தது 20% மட்டுமே. 35% மொத்தக் குறைப்பு என்ற வாக்கு, தொழில் வளர்ந்தாலும் தப்பிக்க இடம் தராது. 50-ஐவிட 35 கனமானது என்பது இதனால்தான்.

எரிசக்தியில் சராசரி இலக்குக்குப் பெயர்பெற்ற உதாரணம் ஷெல். விற்கும் ஒவ்வொரு அலகு ஆற்றலுக்கும் எவ்வளவு கார்பன் என்பதே அதன் அளவுகோல். பாலில் தண்ணீர் கலந்தால் லிட்டருக்கான கொழுப்பு குறையும், ஆனால் குண்டானில் இருக்கும் கொழுப்பு அப்படியேதான் இருக்கும். அதுபோல, எண்ணெய் விற்பனையைத் தொடாமல் அதன்மேல் மின்சார விற்பனையைக் கூட்டினாலே சராசரி இறங்கிவிடும். அந்தச் சராசரி இலக்கையும் 2024 மார்ச்சில் ஷெல் தளர்த்தியது. 2016-ஐ ஒப்பிட்டு 2030-க்குள் 20% என்றிருந்தது, 15 முதல் 20% என்றானது. 2035-க்கு வைத்திருந்த 45% இலக்கு கைவிடப்பட்டது. எண்ணெய்ப் பொருட்களை வாடிக்கையாளர்கள் பயன்படுத்துவதால் வரும் உமிழ்வுக்கு மட்டும், 2021-ஐ ஒப்பிட்டு 15 முதல் 20% என்ற மொத்தக் குறைப்பு நோக்கத்தைப் புதிதாகச் சேர்த்தது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

படி 5: குறைத்தார்களா, விற்றார்களா, சான்றிதழ் வாங்கினார்களா?

உமிழ்வு குறைந்திருக்கிறது என்று அட்டவணை காட்டினால், அது போன வழியைத் தேடுங்கள்.

விற்றுவிடுவது ஒரு வழி. ஸ்வீடன் அரசின் வாட்டன்ஃபால் நிறுவனத்துக்குக் கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் இருந்தன. 2016-இல் அவற்றைச் செக் நாட்டு இபிஎச் குழுவுக்கும் அதன் கூட்டாளிக்கும் விற்றது. வாட்டன்ஃபாலின் கணக்கில் உமிழ்வு சரிந்தது. யென்ஷ்வால்டேயிலும் பாக்ஸ்பெர்க்கிலும் கொதிகலன்கள் முன்போலவே எரிந்தன. காற்றுக்கு உரிமையாளர் மாறியது தெரியாதே! இப்படி ஒரு கிளையை விற்றால் அடிப்படை ஆண்டின் எண்ணையும் திருத்திவிட வேண்டும் என்பது விதி. திருத்தியிருக்கிறார்களா என்று பார்த்தால் போதும்.

எதிர் உதாரணம் ஓர்ஸ்டெட். டாங் எனர்ஜி என்ற பெயரில் இருந்தபோது அது எண்ணெய், எரிவாயு, நிலக்கரி நிறுவனம். 2017-இல் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை இனியோஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றது. அந்தப் பகுதி வாட்டன்ஃபால் செய்ததேதான். நிலக்கரியில் மட்டும் வழி வேறு: மின் நிலையங்களை மாற்றியமைத்தும் மூடியும் முடித்தது. 2023-க்குள் நிலக்கரிக்கு முழுக்கு என்பது திட்டம். 2022 எரிவாயு நெருக்கடியில் டென்மார்க் அரசு சில நிலையங்களைத் தொடர்ந்து ஓட்டச் சொன்னதால், எஸ்பியர்க்கில் இருந்த கடைசி நிலக்கரி நிலையம் 2024 ஆகஸ்டில்தான் நின்றது. இலக்கு தள்ளிப்போன காரணம் வெளிப்படை, நிலையம் மூடியதும் வெளிப்படை.

அடுத்தது சான்றிதழ். ஸ்கோப் 2-க்கு அறிக்கைகளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இருக்கும் இடத்தின் மின்கட்டமைப்பை வைத்து, மற்றொன்று வாங்கிய ஒப்பந்தத்தையும் சான்றிதழையும் வைத்து. நார்வேயில் மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்க நீரும் காற்றும் தருவது. ஆனால் மின்சாரம் எதிலிருந்து வந்தது என்று காட்டும் அதன் 'மூலச் சான்றிதழ்கள்' தனியாகப் பெருமளவு பிற ஐரோப்பிய நாடுகளுக்கு விற்கப்படுகின்றன. விளைவு, சான்றிதழ் இல்லாமல் மின்சாரம் வாங்கும் நார்வேக்காரரின் கணக்கில் அணை மின்சாரம் பெரும்பாலும் அனல், அணு மின்சாரமாக எழுதப்படுகிறது! ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ இருக்கும் ஒரு தரவு மையம் இந்தச் சான்றிதழை வாங்கிப் பூஜ்யம் காட்டலாம். இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால், அது எதனால் நிரம்பியது என்று கேளுங்கள்: புதிய காற்றாலையோடு நீண்டகால ஒப்பந்தமா, பழைய அணையின் சான்றிதழா? டச்சு ரயில்வே 2017 முதல் மின்சார ரயில்களைக் காற்றாலை மின்சாரத்தில் ஓட்டுவதாகச் சொல்வதும் ஒப்பந்தக் கணக்குத்தான். ஆனால் அது மின் விற்பனை நிறுவனத்தோடு குறிப்பிட்ட காற்றாலைகளைச் சுட்டிச் செய்த ஒப்பந்தம். தனியே வாங்கிய சான்றிதழைவிட அதற்கு எடை அதிகம்.

மூன்றாவது, மரம் நட்டுக் கழிப்பது. 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், கேஎல்எம் விமான நிறுவனத்தின் விளம்பரங்களில் இருந்த 19 கூற்றுகளில் 15 தவறாக வழிநடத்துபவை என்று தீர்ப்பளித்தது. மரம் நடுவதன் பலனை மிகைப்படுத்தியதும் அவற்றில் ஒன்று. ஆனால் திருத்த அறிவிப்பு வெளியிடும்படிகூட உத்தரவு இல்லை. என் முதல் கேள்வியை இங்கே கேட்டால் பதில்: பெயர் கெட்டது, பணம் போகவில்லை.

படி 6: சட்டம் சொல்வதைக் கழியுங்கள்

சில இலக்குகள், எப்படியும் செய்தே ஆக வேண்டியதை வாக்குறுதியாகச் சொல்பவை. ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையங்களில் நிரப்பும் எரிபொருளில் 2025 முதல் 2%, 2030-இல் 6%, 2050-இல் 70% நிலைத்த விமான எரிபொருள் (கழிவு எண்ணெய் போன்றவற்றிலிருந்து தயாரிக்கும், உமிழ்வு குறைந்த மாற்று எரிபொருள்) இருக்க வேண்டும் என்பது சட்டம். ஏர் பிரான்ஸ்-கேஎல்எம் குழு 2030-க்குள் 10% என்கிறது. உடனே பத்திலிருந்து ஆறைக் கழித்துவிடக் கூடாது. சட்டம் ஐரோப்பாவில் நிரப்புவதற்கு, குழுவின் இலக்கோ உலகம் முழுக்க நிரப்புவதற்கு. ஆக சொந்த முயற்சியின் பங்கு நான்கைவிடக் கூடுதல். இந்த மாதிரி நுணுக்கமாகக் கழித்துப் பார்த்தால்தான் எது விருப்பம், எது கட்டாயம் என்று பிரியும்.

கப்பல்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு அலகு ஆற்றலுக்குமான உமிழ்வை 2025-இல் 2%, 2030-இல் 6%, 2050-இல் 80% குறைக்கச் சட்டம் இருக்கிறது. இதோடு, உமிழும் ஒவ்வொரு டன்னுக்கும் உரிமம் கேட்கும் ஐரோப்பியக் கார்பன் சந்தையும் சேர்ந்துகொண்டது. 2024-இல் கணக்கில் வரும் உமிழ்வில் 40 சதவீதத்துக்கும், 2025-இல் 70 சதவீதத்துக்கும், 2026 முதல் முழுவதற்கும் கப்பல் நிறுவனங்கள் உமிழ்வு உரிமம் ஒப்படைக்க வேண்டும். மெத்தனாலில் ஓடக்கூடிய முதல் கன்டெய்னர் கப்பலுக்கு மெர்ஸ்க் 2023-இல் கோபன்ஹேகனில் பெயர்சூட்டியபோது அது முன்னோடி முயற்சி. இந்தக் கட்டணங்கள் ஏற ஏற, அது வெறும் வியாபாரக் கணக்காகவும் மாறும்.

படி 7: வெளியார் முத்திரை எதைச் சொல்கிறது?

'அறிவியல் அடிப்படையிலான இலக்குகள்' அமைப்பு 2015-இல் தொடங்கியது. அதன் நிகர பூஜ்ய விதிப்படி, பெரும்பாலான துறைகளில் குறைந்தது 90% உமிழ்வை உண்மையாகவே குறைக்க வேண்டும். மிச்சத்தை மட்டும் காற்றிலிருந்து நீக்கிச் சரிக்கட்டலாம். முத்திரை இருந்தால் இலக்கின் வடிவம் சரி என்று பொருள். நிறைவேற்றுகிறார்கள் என்று பொருள் அல்ல. எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் இலக்குகளை அந்த அமைப்பு ஏற்பதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். ஓர் எண்ணெய் நிறுவனம் 'பாரிஸ் ஒப்பந்தத்துக்கு இசைந்தது' என்றால், அப்படிச் சொன்னது யார் என்று பாருங்கள்.

படி 8: பழைய அறிக்கைகளை வரிசையாக வையுங்கள்

ஒரே நிறுவனத்தின் மூன்று, நான்கு ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இலக்குப் பக்கத்தை மட்டும் ஒப்பிடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

பிபி பாடப்புத்தக உதாரணம். 2020-இல், 2019-ஐ ஒப்பிட்டு 2030-க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40% குறைப்போம் என்றது. ஒரு பெரிய எண்ணெய் நிறுவனம் உற்பத்தியையே குறைக்கிறேன் என்று சொன்னது அபூர்வம். 2023 பிப்ரவரியில் 40 என்பது 25 ஆனது. 2025 பிப்ரவரியில் அதுவும் போய், உற்பத்தியைக் கூட்டும் திட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயுவில் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டாலர் முதலீடு, மாற்று எரிசக்தியில் முந்தைய திட்டத்தைவிட ஆண்டுக்கு 500 கோடி டாலருக்கு மேல் வெட்டு. ஐந்தே ஆண்டில் திசை முழுக்கத் திரும்பியது. இதற்காக எந்தத் தண்டமும் கட்டவில்லை. முதலீட்டுப் பக்கத்தை இலக்குப் பக்கத்தோடு சேர்த்துப் படித்தவர்களுக்கு மாற்றம் முன்கூட்டியே தெரிந்திருக்கும். பணம் போகும் திசைதான் நிஜமான இலக்கு.

வோல்வோ கார்ஸ் 2030-க்குள் முழு மின்சாரக் கார் மட்டுமே என்று 2021-இல் சொன்னது. 2024 செப்டம்பரில் அது, 90 முதல் 100% மின்சாரக் கார்களும் பிளக்-இன் ஹைப்ரிடுகளும் என்று மாறியது. சார்ஜிங் வசதி மெதுவாக வளர்வதையும், அரசுகள் மானியத்தை விலக்கியதையும் காரணமாகச் சொன்னது. காரணம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் 2021-இல் அதை நம்பி முதலீடு செய்த உதிரிபாகக்காரருக்கு அந்த நியாயத்தால் பயன் இல்லை. பழைய பக்கங்கள் இணையதளத்தில் நிலைப்பதில்லை. பிடிஎஃப்பை அன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: தவறினால் என்ன ஆகும் என்று தேடுங்கள்

எனெல் நிறுவனம் 2019 செப்டம்பரில் 150 கோடி டாலருக்கு ஒரு புதுவகைக் கடன் பத்திரம் வெளியிட்டது. குறிப்பிட்ட நிலைத்தன்மை இலக்கை எட்டாவிட்டால் வட்டி 0.25% கூடும் என்பது நிபந்தனை. புதுப்பிக்கத்தக்க மின்திறன் பற்றிய அந்த முதல் இலக்கை எட்டிவிட்டது. பிறகு வந்த பல பத்திரங்களை வேறோர் இலக்கோடு கட்டியது: 2023-இல் ஒரு யூனிட் மின்சாரத்துக்கான நேரடி உமிழ்வு 148 கிராமைத் தாண்டக் கூடாது.

ரஷ்ய எரிவாயு நெருக்கடி வந்தது. இத்தாலிய அரசு நிலக்கரி நிலையங்களைக் கூடுதலாக ஓட்டச் சொன்னது. 2023 கணக்கு வந்தபோது எண் 160 கிராம். இலக்கைவிட 8% அதிகம். "அரசு சொல்லித்தான் ஓட்டினோம்" என்பது நல்ல காரணம்தான், ஆனால் ஒப்பந்தத்தில் அதற்கு விலக்கு இல்லை. வட்டி ஏறியது. 100 கோடி யூரோ பத்திரத்துக்கு 0.25% என்றால் ஆண்டுக்கு 25 லட்சம் யூரோ. அந்த நிறுவனத்தின் அளவுக்கு இது பெரிய அடி அல்ல, தண்டம் இன்னும் கனமாக இருந்திருக்கலாம் என்ற விமர்சனமும் சரியே. இருந்தாலும் ஒரு பசுமை இலக்கு தவறியது நிதி அதிகாரியின் மேசையில் ஒரு செலவு வரியாக வந்து நின்றது. நான் பார்த்தவற்றில் நேர்மையான இலக்கு இதுதான், தவறியிருந்தும்!

அறிக்கையில் இதற்கு நிகரானவற்றைத் தேடுங்கள்: கடன் பத்திர நிபந்தனை, தலைமை அதிகாரியின் ஊக்கத்தொகையில் காலநிலை இலக்கின் பங்கு, அந்த இலக்கு எந்த ஸ்கோப்பைச் சேர்ந்தது. ஸ்கோப் 3 பெரிதாக இருக்கும் நிறுவனத்தில் ஊக்கத்தொகை மட்டும் ஸ்கோப் 1, 2-ஐ வைத்து இருந்தால், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றம் வழியாக வரும் நஷ்டம் இன்னும் நிச்சயமற்றது. 2021 மே மாதம் ஹேக் நீதிமன்றம், 2030-க்குள் உமிழ்வை 45% குறைக்க ஷெல்லுக்கு உத்தரவிட்டது. 2024 நவம்பரில் மேல்முறையீட்டில் அது ரத்தானது. உமிழ்வைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு, ஆனால் இத்தனை சதவீதம் என்று நாங்கள் சொல்ல முடியாது என்றது மேல்நீதிமன்றம்.

சப்ளையராக இருப்பவர்களுக்கு

பிரான்ஸின் மின்கருவி நிறுவனம் ஷ்னைடர் எலக்ட்ரிக் 2021-இல், தன் முதல் 1,000 சப்ளையர்களின் செயல்பாட்டு உமிழ்வை 2025-க்குள் பாதியாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஐரோப்பிய வாங்குபவரின் ஸ்கோப் 3 என்பது சப்ளையரின் ஸ்கோப் 1-உம் 2-உம்தான். நம்மூர்த் தொழிற்பேட்டைகளுக்குக் கேள்வித்தாள் வருவது இதனால்தான். வந்தால் முதலில் இரண்டு எண்களைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்டு மின் கட்டண ரசீதுகளின் மொத்த யூனிட், ஜெனரேட்டருக்கும் உலைக்கும் போன எரிபொருளின் லிட்டரும் கிலோவும். இவை இல்லாவிட்டால் வாங்குபவர் துறைச் சராசரியை உங்கள் தலையில் எழுதிவிடுவார். சிக்கனமாக நடத்துபவருக்கு அது நஷ்டம்.

இனி எதைக் கவனிப்பது?

அறிக்கைச் சட்டத்தின் வலை சுருங்குகிறது. 2025 டிசம்பரில் எட்டிய உடன்பாட்டின்படி 1,000-க்கு மேல் ஊழியர்களும் 45 கோடி யூரோவுக்கு மேல் விற்றுமுதலும் உள்ள நிறுவனங்களுக்கே கட்டாயம். இங்கே பேசிய ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்கள் அனைத்தும் அதற்குள் வரும். நடுத்தர நிறுவனங்களின் எண்களைத்தான் இனி தேட வேண்டியிருக்கும்.

மறுபுறம் நுகர்வோர் சட்டம் இறுகுகிறது. 2026 செப்டம்பர் 27 முதல், கார்பன் கிரெடிட்டை மட்டும் காட்டி ஒரு பொருளைக் கார்பன் சமநிலை என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கக் கூடாது. எதிர்கால இலக்கை விளம்பரப்படுத்துவதானால், நடைமுறைக்கு ஏற்ற விரிவான திட்டமும், அதைச் சுதந்திரமான நிபுணர் அவ்வப்போது சரிபார்ப்பதும் கட்டாயம். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு விமான நிறுவனத்தின் டிக்கெட் பக்கத்தைச் சேமித்து ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த வாக்கியங்கள் காணாமல் போகின்றன என்பது எந்த அறிக்கையைவிடவும் கூடுதலாகச் சொல்லும்.